அறாத தந்தி

"ஏனுங்க, தந்தி அறுந்தாத்தானுங்க மாத்தோணும்?"

முப்பத்தாறு வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். சேலம் அம்மாபேட்டையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வீணை, தம்புரா, வயலின் பழுது பார்க்கிறேன். வியாழக்கிழமைகளில் ராசிபுரம், நாமக்கல் பக்கம் பஸ் ஏறுவேன். வீணையைத் தூக்கிக்கொண்டு வர முடியாத வயசானவர்கள் அங்கே சிலர் இருக்கிறார்கள். இப்படிக் கேட்பவர்கள் கஞ்சத்தனத்தில் கேட்பதில்லை. முழுசாக இருக்கும் ஒரு பொருளைக் கழற்றிப் போடுவது நம் ஊர் மனசுக்கு ஒவ்வாது. எனக்கும் ஒவ்வாமல்தான் இருந்தது. ஒரு வீணையின் மேளத்தையே கலைத்துப்போட்ட பிறகுதான் புத்தி வந்தது. தொழில் கற்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அந்தக் கதையைத்தான்.

தொழிலுக்கு வந்து நாலாவது வருஷம். சித்திரை மாசம். என் ஆசான் பலாமரம் பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தார். அவர் தஞ்சாவூரில் வேலை பழகி, கல்யாணம் முடிந்து சேலத்துக்கு வந்து குடியேறியவர். பெரியாசாரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் இல்லாத நேரத்தில் ராசிபுரத்திலிருந்து ஒரு அம்மா வீணையோடு வந்தார். "மேளம் விலகிப்போச்சுங்க தம்பி. காந்தாரம் சேரவே மாட்டேங்குது" என்றார்.

வீணை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீணையின் தண்டியில் இரண்டு பக்கமும் மெழுகு மேடை ஓடும். தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சியது. அதன் மேல்தான் 24 வெண்கல மெட்டுகள் உட்கார்ந்திருக்கும். காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் அதன் சுரஸ்தானத்தில் பதிப்பதை மேளம் கட்டுவது என்போம். சேலத்து வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும். சித்திரையில் ஒரு வீணை வந்து, சுரம் சேரவில்லை என்றால், மெழுகு இளகிவிட்டது என்று யாருமே நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

முதல் தந்தியான சாரணியை மீட்டிப் பார்த்தேன். வெறும் தந்தியின் ஷட்ஜத்தோடு பன்னிரண்டாம் மெட்டின் மேல் ஷட்ஜம் ஒட்டவில்லை. சரி, மேளம் விலகியதுதான் என்று முடிவு கட்டினேன். இரும்புக் கம்பியைக் காய்ச்சி மெழுகை இளக்கி, மெட்டு மெட்டாக நகர்த்தினேன். இரண்டு பகல், ஒரு ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் சாரணியில் இரண்டு ஸ்தாயியும் சுத்தமாக வந்தது. சந்தோஷத்தோடு பஞ்சமத் தந்திக்குப் போனேன். ஒரு மெட்டு கூடச் சேரவில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். பஞ்சமத் தந்திதான் கெட்டுவிட்டது என்று அதை மாற்றினேன். புதுத் தந்தியிலும் சேரவில்லை.

பெரியாசாரி வந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மெட்டுகளின் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மூடி, சாரணியின் அடிப்பக்கம் கட்டைவிரல் நகத்தை வைத்து, குடத்தின் மேல் தந்தியைத் தாங்கும் குதிரையிலிருந்து மறுமுனையின் யாளி முகம் வரைக்கும் மெதுவாக ஓட்டினார். நாலைந்து இடத்தில் நகம் நின்றது. என் கையைப் பிடித்து அதே இடங்களில் என் நகத்தை வைத்தார். ரம்பப் பல் மாதிரி தடுக்கியது.

"மேளத்துல என்னடா இருக்கு? கம்பி செத்துப்போய் மாசக்கணக்காச்சு."

பழைய சாரணியைக் கழற்றிப் புதுசு போட்டார். போட்டதும் நான் நகர்த்திய 24 மெட்டும் பிசகு என்பது அவர் சொல்லாமலேயே எனக்குக் கேட்டது. புதுசாகப் போட்ட பஞ்சமம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் செத்த தந்தியை நம்பி, உயிருள்ள தந்தியைப் பொய் சொல்லியாக்கியிருந்தேன். மேளம் முழுவதையும் மறுபடி கட்டச் சொன்னார். கூலி இல்லை. கட்டி முடித்து, வீணையை நானே ராசிபுரத்துக்குக் கொண்டுபோய், நடந்ததை அந்த அம்மாவிடம் என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றார். போனேன், சொன்னேன். "சொன்னியே சாமி, அது போதும்" என்று மோர் கொடுத்தார் அந்த அம்மா. இன்றைக்கும் அந்த வீட்டு வீணை என் கைக்குத்தான் வருகிறது.

ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகு நானே யோசித்துப் புரிந்துகொண்டேன். தந்தியைச் சரிபாதியில் அழுத்தினால் மேல் ஷட்ஜம் வரும் என்பது, தந்தி நுனியிலிருந்து அடிவரை ஒரே கனமாக இருக்கும்வரைதான். வாசிக்க வாசிக்க மெட்டு தந்தியைக் கீழிருந்து தின்னும். வீணையில் கமகத்துக்காகத் தந்தியை மெட்டின் மேலேயே குறுக்கே இழுக்கிறோம். அதனால் தேய்வும் அதிகம். அதுவும் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தேயாது. வாசிப்பவர் எந்த மெட்டில் அதிகம் நிற்கிறாரோ, அங்கே பள்ளம் விழும். இடது கைக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காயெண்ணெயும் வியர்வையும் உலோகத் தூளும் சேர்ந்து அழுக்காக இன்னோர் இடத்தில் ஏறும். ஓர் இடத்தில் மெலிந்து, ஓர் இடத்தில் தடித்த கம்பி எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. எந்த மேளத்திலும் அது சேராது.

சரி, அந்த அம்மா இருபது வருஷம் வாசித்தவர். அவருக்கு ஏன் தெரியவில்லை? இதைத்தான் நான் இந்தத் தொழிலில் முக்கியமாக நினைக்கிறேன். தந்தி ஒரே நாளில் சாவதில்லை. நாளைக்கு ஒரு மயிரிழை என்று மங்கும். அதைத் தினமும் கேட்கிற காதும் அதோடு கூடவே நகர்ந்துவிடும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. வெளியூரிலிருந்து மூன்று மாதம் கழித்து வந்த தங்கைக்குச் சட்டென்று தெரியும், தினமும் வாசிக்கிற அக்காவுக்குத் தெரியாது. தந்தியோடு சேர்ந்து காதும் பழசாகிறது. ஆகவே, மாற்ற வேண்டுமா என்று காதிடம் மட்டும் கேட்கக்கூடாது. "காது உனக்கு வேண்டியவன்டா, உனக்குப் பிடிச்சதத்தான் சொல்லும். விரலைக் கேளு" என்பார் பெரியாசாரி.

விரலைக் கேட்பது எப்படி என்று அவர் கையைப் பார்த்துத்தான் கற்றேன். நகத்தை அடியில் ஓட்டுவது முதல் வேலை. வேகமாக ஓட்டினால் எதுவும் தெரியாது, ஒரு மெட்டைக் கடக்க ஒரு மூச்சு ஆக வேண்டும். சாரணியை இலேசாகத் தளர்த்திக்கொண்டு ஓட்டினால் பள்ளம் இன்னும் தெளிவாகத் தட்டுப்படும். அடுத்து, பழைய வேட்டித் துணியில் வெள்ளையாக ஒரு துண்டு எடுத்து தந்தியைப் பிடித்து ஒருமுறை உருவுவேன். துணியில் கறுப்பு வந்தால் அது எண்ணெய் அழுக்கு. துடைத்தால் தந்திக்கு இன்னும் ஆயுசு இருக்கும். பழுப்பு வந்தால் துரு. துரு தொட்ட கம்பியைத் துடைத்துப் பிழைக்க வைக்க முடியாது. ஆரம்பத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். துருவோடு கம்பியும் போகும், இரண்டு நாளில் முன்னைவிட மோசமாகும்.

அதற்கப்புறம் சாட்சி விசாரிக்க வேண்டும். இது பெரியாசாரி கற்றுக் கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது. வீணையில் ஏழு தந்தி. மெட்டின் மேலே சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று நாலு. பக்கவாட்டில் தாளத்துக்குப் பக்கசாரணி, பக்கபஞ்சமம், எச்சுசாரணி என்று மூன்று. சாரணிக்கும் பக்கசாரணிக்கும் ஒரே ஷட்ஜம்தான். ஆனால் பக்கசாரணியை யாரும் மெட்டில் அழுத்துவதில்லை, இழுப்பதில்லை. சுண்டுவிரலால் தட்டுவதோடு சரி. அதனால் அது மெதுவாகத்தான் கிழடாகும். இரண்டையும் சுருதி சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக மீட்டிவிட்டு, கார்வையைக் கேளுங்கள். குதிரையும் கனமும் வேறு என்பதால் குரல் வேறாகத்தான் இருக்கும். குரலைப் பார்க்காதீர்கள், நாதம் எவ்வளவு தூரம் நடக்கிறது என்று பாருங்கள். பக்கசாரணி நடந்துகொண்டே இருக்கும்போது சாரணி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால், அதன் காலம் முடிந்தது. இதில் காதுக்கு ஞாபகம் தேவையில்லை. இரண்டும் அங்கேயே, அந்த நிமிஷத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

கடைசியாகத்தான் பன்னிரண்டாம் மெட்டு. மேல் ஷட்ஜம் சேரவில்லை என்றால் உடனே மெழுகைத் தொடாதீர்கள். முதலில் தந்தியை மாற்றுங்கள். புதுத் தந்தியிலும், அதுவும் நாலு தந்தியிலும் ஒரே பக்கம் விலகினால்தான் மேளத்தைச் சந்தேகப்பட வேண்டும். அதுபோலவே குதிரையின் மேல் ஒட்டியிருக்கும் வெண்கலத் தகட்டில் தந்தி உட்கார்ந்து உட்கார்ந்து கோடு விழுந்திருந்தால், நாதம் இரையும். அதைச் செத்த தந்தி என்று எண்ணிப் பலர் மாற்றுவார்கள். புதுசு போட்டும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் தகட்டை இழைத்துச் சீர் பண்ண வேண்டும். அது வேறு பாடம், கை முதிர்ந்த பிறகு.

மந்தரத்தையும் அனுமந்தரத்தையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய நாளில் அவை பித்தளைக் கம்பிகள். இப்போது எஃகு நடுக்கம்பியின் மேல் செம்பு சுற்றிய தந்திகள்தான் வருகின்றன. இவை சாரணியைப் போல அறுவது அபூர்வம். அதனாலேயே பத்து வருஷத்து மந்தரத்தோடு கூட வீணைகள் வருகின்றன. ஆனால் சுற்றுக்கு நடுவிலுள்ள இடுக்கில் எண்ணெயும் தூசியும் போய் அடைந்துகொள்ளும். தந்தி முழுசாக இருக்கும், பளபளப்பு கூட இருக்கும். மீட்டினால் மரத்தைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். நகத்தை ஓட்டிப் பார்த்தால் மெட்டு இருக்கிற இடத்தில் சுற்று தட்டையாகியிருப்பது தெரியும். சுற்று பிரிந்து நடுக்கம்பி வெளியே தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

எத்தனை மாசத்துக்கு ஒருமுறை என்று எல்லோரும் கேட்பார்கள். தினம் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிற பிள்ளைக்குச் சாரணி மூன்று நாலு மாசம், மந்தரம் எட்டு மாசம், தாளத் தந்திகள் ஒரு வருஷத்துக்கு மேல் என்பது என் கை அனுபவம். ஆனால் இதைக் கணக்காக எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். சிலர் கை வியர்வையிலேயே உப்பு அதிகம். மூன்று வாரத்தில் சாரணி பழுத்துவிடும். எங்கள் பக்கத்து போர்த் தண்ணியில் கையைக் கழுவி, துடைக்காமல் வீணையைத் தொடுகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் துரு ஓடிவரும். சித்திரை வெயிலில் துரு வராது, அதற்குப் பதில் தந்தியை முறுக்கும் பிருடை காய்ந்து நழுவும். சுருதி நிற்கவில்லை என்று தந்தியைக் குறை சொல்வார்கள். பிருடையில் சாக்குக்கட்டியைப் பூசிப் பார்க்காமல் தந்தியை மாற்றக் கூடாது.

அடிக்கடி மாற்றுவதும் தப்புதான். புதுத் தந்திக்கு ஒரு கூச்சல் உண்டு. தகரம் தட்டுகிற மாதிரி ஒரு மினுக்கு. அது அடங்கி, மரத்தோடு பேச ஆரம்பிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்கப்புறம் வருகிற நடுக்காலம்தான் தந்தியின் நல்ல காலம். மினுக்குப் பிடித்துப்போய் மாசாமாசம் மாற்றுகிறவர்கள் அந்த நடுக்காலத்தைக் கேட்காமலேயே போகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

கம்பி வாங்குவதில் நான் செய்த பிழைகளும் உண்டு. தந்திக்கம்பி சுருளாக வரும், நம்பர் போட்டு. நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். 28 நம்பர் என்றால் 0.38 மில்லிமீட்டரை ஒட்டி, 26 என்றால் 0.46. சாரணிக்கு நான் 28-ஐ ஒட்டித்தான் போடுகிறேன், ஆளின் சுருதியைப் பார்த்து ஒரு நம்பர் முன்னே பின்னே. நாலரைக் கட்டையில் வாசித்தவர் ஐந்தரைக்கு ஏற்றினால் அதே கம்பியில் ஏற்றக்கூடாது. இதற்கெல்லாம் பியானோ கம்பி என்று சொல்லும் உரமான எஃகுதான் வேண்டும். ஜெர்மனியின் ரோஸ்லாவ் கம்பிக்கு இந்தத் தொழிலில் பழைய மரியாதை உண்டு. ஒரு வருஷம் நல்ல சுருள் கிடைக்காமல், துரு ஏறாதே என்ற ஆசையில் இரும்புக் கடையில் எவர்சில்வர் கம்பி வாங்கிப் போட்டேன். பிருடையைத் திருகத் திருக அது நீண்டுகொண்டே போனது. ஷட்ஜத்துக்கு ஏறும் முன்பே படீரென்று அறுந்தது. அது மிருதுவான கம்பி. பளபளப்புக்கு ஆனது, பாரத்துக்கு ஆனதில்லை.

அதைவிடப் பெரிய பாடம் செவ்வாய்ப்பேட்டையில் கிடைத்தது. சேலத்தில் கொலுசு வேலை செய்கிற பட்டறைகள் எத்தனையோ. அங்கே எனக்குப் பழக்கமான ஒரு வெள்ளி வேலைக்காரர் இருந்தார். என் தந்திகள் எப்போதும் குடத்துப் பக்கம் லங்கர் என்கிற கம்பியில் மாட்டுகிற கண்ணியிலேயே அறுந்துகொண்டிருந்த காலம் அது. கம்பியை வளைக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று நான் நுனியைத் தீயில் காட்டி, சிவக்கவிட்டு வளைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் காட்டினேன். அவர் கம்பியச்சில் வெள்ளியை இழுத்துக்கொண்டிருந்தார். அச்சின் ஒவ்வொரு துளையிலும் இழுக்க இழுக்க வெள்ளி இறுகும். இறுகினதைத் தீயில் காட்டினால் மறுபடி இளகும், மறுபடி இழுக்கலாம். "எங்களுக்கு இளகினாத்தானுங்க வேலை. உங்களுக்கு இறுக்கம்தானே வேணும்? அதைத் தீயில காட்டிப்புட்டு நிக்கலேங்கறீங்களே" என்றார். எஃகுத் தந்தியின் உரம் அதை இழுத்து இழுத்து இறுக்கியதில் இருக்கிறது. தீ அதை நிமிஷத்தில் எடுத்துவிடும். இன்னொன்றும் சொன்னார். எந்தக் கம்பியையும் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் அந்த இடம் மட்டும் முறிவுக்குத் தயாராகும். அன்றிலிருந்து கண்ணியை ஒரே முறையில் வளைத்து, ஆறு முறுக்கு சீராக முறுக்கி, பிறகு நெருக்கமாக மூன்று சுற்று போடுகிறேன். தப்பாக வளைந்தால் நிமிர்த்துவதில்லை. அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதுசாக ஆரம்பிப்பேன். கண்ணியில் அறுவது நின்றது.

கம்பியைச் சுருளிலிருந்து எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சுருளை உருட்டி அவிழ்க்க வேண்டும். பக்கவாட்டில் உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு தந்திக்குள் ஏறிக்கொள்ளும். மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பு எப்போதும் போகாது. செம்பு சுற்றிய தந்தியை வெட்டும்போது, வெட்டுகிற இடத்துக்கு முன்னால் ஒரு மடக்கு மடக்கிவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் சுற்று உள்ளே நழுவி, மந்தரம் புதுசிலேயே ஊமையாகும்.

ஏழு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். வீணையின் குதிரை குடத்தின் மேல் சும்மா நிற்கிறது. தந்தியின் அழுத்தம்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. அது நிற்கும் இடத்தை வைத்துத்தான் மேளமே கட்டப்பட்டிருக்கிறது. ஒரு தடவை அவசரத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்தேன். குதிரை சாய்ந்தது. பழைய இடத்தைத் தேடிப் பிடிக்க ஒரு பகல் போனது. ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள். குதிரையின் காலைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் மனசு நிம்மதியாக இருக்கும். பழைய தந்தியை இறுகியிருக்கும்போது வெட்டவே கூடாது. பிருடையைத் தளர்த்தி, தந்தி தொங்கிய பிறகு வெட்ட வேண்டும். என் இடது புருவத்துக்கு மேல் இருக்கிற தழும்பு, இறுகிய பஞ்சமத்தை வெட்டிய நாளில் விழுந்தது. ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

புதுத் தந்தியை ஏற்றியதும் கைவிரலால் மெதுவாக நீவி, தளர்ந்ததை மறுபடி ஏற்றி, மறுபடி நீவ வேண்டும். அப்படியும் இரண்டு மூன்று நாள் அது இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இதனால்தான் நவராத்திரிக்கு முந்தின வாரம் எனக்கு மனக்கஷ்டம் அதிகம். கொலு வைக்கிற வீடுகளிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜையில் வீணையை வைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து வாசிக்க வேண்டும், தந்தி பளபளவென்று இருக்க வேண்டும். புரட்டாசி பிறந்த உடனே வாருங்கள் என்று ஆவணியிலேயே சொல்லி அனுப்புகிறேன். பூஜைக்கு முதல் நாள் போட்ட தந்தி விஜயதசமியன்று குழந்தையின் முதல் சரளி வரிசையிலேயே சுருதி இறங்கினால் அந்தக் குழந்தைக்கு என்ன தோன்றும்?

இப்போது வேறொரு வாத்தியமும் என் முன்னறைக்கு வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் யுகுலேலே கொண்டுவருகிறார்கள். நாலே தந்தி, மடியில் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். 1879-ல் போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து கப்பலேறி ஹவாய்க்குப் போன தச்சர்கள் தங்கள் ஊர்ச் சின்ன கித்தாரை அங்கே செய்யப் போய், அதிலிருந்து பிறந்தது அது. அந்தக் காலத்தில் குடல் நரம்பு, இப்போது பெரும்பாலும் நைலான். மேட்டூர் அணையில் மீன் பிடிக்கிறவர்கள் வாங்குகிற தூண்டில் நரம்பின் இனம். அறாது, துருவும் பிடிக்காது. அதனால் வாங்கின நாளிலிருந்து மாற்றாத தந்தியோடேயே வரும். முதல் யுகுலேலே கைக்கு வந்தபோது எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பெரியாசாரி செய்ததைத்தான் செய்தேன். கண்ணை மூடி நகத்தை அடியில் ஓட்டினேன். முதல் மூன்று மெட்டிலும் தடுக்கியது. பன்னிரண்டாம் மெட்டில் மேல் ஸ்தாயி சேரவில்லை. நைலானோ எஃகோ, மெட்டு தின்பது ஒன்றுபோலத்தான். மாற்றிய பிறகு பழகத்தான் அதற்கு நாள் அதிகம் வேண்டும். நைலான் ஒரு வாரத்துக்கு மேல் நீண்டுகொண்டே இருக்கும். ஒரு வீட்டில் அண்ணன் கித்தாரின் எஃகுத் தந்தியை அதில் ஏற்றிவிட்டான். பாரம் தாங்காமல் அடிப்பாலம் பலகையோடு பிய்ந்து வந்தது. ஒட்டிக் கொடுத்தேன். எஃகுத் தந்தியை அதில் ஒருபோதும் போடக்கூடாது என்று அந்தத் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன்.

தூண்டில் இழையை நரம்பு என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். யாழின் தந்தியையும் நம் முன்னோர் நரம்பு என்றுதான் சொன்னார்கள். ராசிபுரம் தாண்டினால் கண்ணுக்குத் தெரிகிற கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, யாழோடு வந்த பாணர்களுக்கு அள்ளிக் கொடுத்தவன் என்பார்கள். அவர்கள் இதே வெயிலில், இதே ஐப்பசி மழையில் அந்த யாழைத் தூக்கிக்கொண்டு இந்த மலைக்கு நடந்திருக்கிறார்கள். நரம்பு தளர்ந்ததா, தேய்ந்ததா என்று வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து யாரோ ஒருவர் விரலால் தடவிப் பார்த்திருப்பார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பஸ் மலையைக் கடக்கும்போது நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

போன வியாழக்கிழமை ராசிபுரத்து அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு இப்போது கை ஓடுவதில்லை. பேத்தி வாசிக்கிறாள், பதினாலு வயசு. வீணைப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தத் தேதியில் எந்தத் தந்தி போட்டது என்று அம்மா தன் கையெழுத்தில் முப்பது வருஷத்துக்கும் மேலாக எழுதி வந்திருக்கிறார். தாள் பலமுறை மாறியிருக்கிறது. கடைசி நாலு வரி மட்டும் பேத்தியின் எழுத்து. நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அந்தப் பெண் வீணையை மடியில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சாரணியின் அடியில் நகத்தை ஓட்ட ஆரம்பித்திருந்தாள். மெதுவாகத்தான் ஓட்டினாள்.

"ரெண்டு எடத்துல தடுக்குதுங்க தாத்தா."

நானும் பார்த்தேன். இரண்டு இடம்தான். பையிலிருந்து சுருளையும் கட்டிங் பிளையரையும் எடுத்து அவளிடமே கொடுத்தேன். வாங்கினவள் பிளையரைக் கீழே வைத்துவிட்டு, முதலில் பிருடையைத் தளர்த்தினாள்.